கிராம் குறைந்தால் மைலேஜ் கூடுமா?

கியாக்தானிலிருந்து ஒரு வாசகர் கேட்டிருக்கிறார். யாங்கூனுக்குத் தெற்கே, தன்லியினையும் தாண்டி இருக்கிற ஊர் அது. திலாவா தொழிற்பேட்டைக்கு ஷிப்டு வேலைக்குப் போய்வர 125 சிசி ஸ்கூட்டர் ஒன்று வைத்திருக்கிறார். தாய்லாந்திலிருந்து வந்த பழைய வண்டி. கொஞ்ச நாளாகப் பிக்கப் இல்லை. உள்ளே 15 கிராம் ரோலர் கிடக்கிறது, அதை எடுத்துவிட்டு 12 கிராம் போட்டால் வண்டி பறக்கும், பெட்ரோலும் மிச்சமாகும் என்று பட்டறையில் சொல்கிறார்களாம். போடலாமா? பின்குறிப்பாக இன்னொன்று: பேசாமல் பேட்டரி வண்டிக்கே மாறிவிடலாமா?

பின்குறிப்புக்குக் கடைசியில் வருகிறேன். முதல் கேள்விக்குப் பதில்: பறக்கும் என்பதில் கொஞ்சம் நிஜம் உண்டு, மிச்சமாகும் என்பது புளுகு. இரண்டும் ஒருசேர நடக்க வழியில்லை. ஏன் என்று தெரிய வேண்டுமானால் இஞ்சினிலிருந்து பின்சக்கரம் வரை இடப்பக்கமாக நீண்டிருக்கும் அந்த மூடியைக் கழற்றிப் பார்க்க வேண்டும். பார்த்துவிட்டால் லேசில் மூட மனம் வராது.

அதற்கு முன் ஊரைப் பற்றி இரண்டு வார்த்தை. கியாக்தான் என்றதும் பர்மாக்காரர்களுக்கு ஆற்றுக்கு நடுவே தீவில் நிற்கும் யேலே பகோடா நினைவுக்கு வரும். படகில் போய்க் கும்பிட்டுவிட்டு, படித்துறையில் மொய்க்கும் கெளுத்தி மீன்களுக்குத் தீனி போட்டுவிட்டு வருவார்கள். தமிழர்களுக்கு அந்தப் பக்கம் வேறு வகையில் பழக்கம். வெள்ளைக்காரன் காலத்தில் சிரியம் என்று பெயர் பெற்றிருந்த தன்லியினில் பர்மா ஆயில் கம்பெனியின் எண்ணெய் சுத்திகரிப்பு ஆலை இருந்தது. சுற்றிலும் நெல் வயல். இரண்டுக்கும் ஆள் கப்பலில் போனது நம் கரையிலிருந்து. அவர்களின் பேரன் பேத்திகள் இன்றும் அங்கே இருக்கிறார்கள்.

ஸ்கூட்டர் வைத்திருப்பவருக்கு அந்த ஊரில் ஒரு விசேஷ வசதி: ஓட்டலாம். வேடிக்கைக்குச் சொல்லவில்லை. யாங்கூன் மாநகருக்குள் 2003 முதல் மோட்டார் சைக்கிளுக்குத் தடை. தென்கிழக்கு ஆசியாவில் இரு சக்கர வண்டியின் இரைச்சல் இல்லாத பெருநகரம் என்று பயணக் கட்டுரைகளில் அதை வியந்து எழுதுவார்கள். காரணம் கேட்டால் ஊரில் ஆளுக்கொரு கதை: ஒரு ஜெனரலின் கார் பக்கத்தில் எவனோ மோட்டார் சைக்கிளில் வந்து வம்பு செய்தான் என்பது ஒன்று, பெரிய இடத்துப் பிள்ளை விபத்தில் போய்விட்டான் என்பது இன்னொன்று. எதற்கும் ஆதாரம் கேட்காதீர்கள். 2011-இல் கார் இறக்குமதி விதிகளைத் தளர்த்தியதும் இருசக்கர இரைச்சல் இல்லாத அந்த நகரம் நான்கு சக்கர நெரிசலில் நின்றது என்பது மட்டும் கதையில்லை. தன்லியின், கியாக்தான், ஆற்றுக்கு அக்கரை டலா போன்ற வெளிவட்டாரங்களில் தடை இல்லை. ஆகவே நகரத்துக்குள் வேலை இருப்பவர் ஆற்றுப் பாலத்துக்கு இந்தப் பக்கமே வண்டியை விட்டுவிட்டுப் பஸ் ஏற வேண்டும்; நம் வாசகரைப் போலத் திலாவாவுக்குப் போகிறவர் வீட்டு வாசலிலிருந்து கம்பெனி வாசல் வரை ஸ்கூட்டரிலேயே போகலாம்.

அந்தப் பக்கத்து இருசக்கர வண்டிகளில் பெரும்பாலானவை ஸ்கூட்டர் கிடையாது. ஹோண்டா வேவ், சீனத்துக் கென்போ மாதிரியான வண்டிகள். காலால் கியர், கைக்கு கிளட்ச் இல்லை, பின்சக்கரத்துக்குச் சங்கிலி. மலேசியத் தமிழர்கள் காப்சாய் என்பார்கள். நம் ஊரில் ஹீரோ ஹோண்டா ஸ்ட்ரீட் என்று வந்து, வாங்க ஆளில்லாமல் போன ரகம். இதற்கெல்லாம் தாத்தா 1958-இல் வந்த ஹோண்டா சூப்பர் கப். 2017-இல் அதன் உற்பத்தி 10 கோடியைத் தாண்டியது. சங்கிலி வண்டிக்குப் பட்டறைக்காரர்கள் கண்ணை மூடிக்கொண்டு வேலை பார்ப்பார்கள். ஸ்கூட்டருக்கு அப்படியில்லை. திறந்தால் கியர் இருக்க வேண்டிய இடத்தில் கியர் இல்லை. ஒரு ரப்பர் பெல்ட்டும் இரண்டு புல்லியும் கிடக்கின்றன. இங்கேதான் கிராம் வியாபாரம் தொடங்குகிறது.

முன் புல்லி இஞ்சின் தண்டில் நேராக மாட்டியிருக்கிறது. அது ஒரே துண்டு இல்லை. சரிவான முகம் கொண்ட இரண்டு தட்டுகள், நடுவில் வி வடிவப் பள்ளம், அதில் பெல்ட். ஒரு தட்டு அசையாது. இன்னொன்று தண்டின் மேல் முன்னும் பின்னும் நகரும். நகரும் தட்டின் முதுகுப் பக்கம் ஆறு சரிவுகள் வெட்டியிருக்கும்; ஒவ்வொன்றிலும் சுண்டுவிரல் நுனிப் பருமனில் ஒரு உருளை. அதுதான் ரோலர். தண்டு சுழலச் சுழல ரோலர்கள் வெளிப்பக்கமாக ஓடப் பார்க்கும். ஓடினால் சரிவில் ஏற வேண்டும். ஏறினால் தட்டைத் தள்ள வேண்டும். தட்டு நெருங்கினால் பள்ளம் குறுகும், பெல்ட் பிதுங்கி மேலே வரும். முன் புல்லியின் விட்டம் பெரிதாகிவிட்டது என்று பொருள். கியர் மாறிவிட்டது. யாரும் எதையும் மிதிக்கவில்லை.

பதினைந்து கிராம் உருளை எப்படித் தட்டைத் தள்ளும் என்று சந்தேகம் வந்தால் பள்ளிக்கூடக் கணக்கைப் போட்டுப் பாருங்கள். ஆறு ரோலர், மொத்தம் 90 கிராம். மையத்திலிருந்து 3 சென்டிமீட்டர் தூரம். இஞ்சின் நிமிடத்துக்கு 6,000 சுற்று. விடை ஏறக்குறைய 1,070 நியூட்டன். சந்தைக் கணக்கில் 109 கிலோ. ஒரு கைப்பிடி கடலை எடையுள்ள உலோகமும் பிளாஸ்டிக்கும் நூறு கிலோவுக்கு மேல் அழுத்துகின்றன. சுற்று 3,000-ஆகப் பாதி குறைந்தால் விசை பாதியாகாது, நாலில் ஒரு பங்காகி 27 கிலோவுக்கு இறங்கிவிடும். சுற்றின் வர்க்கத்தில் ஏறுகிற விசை இது. எனக்கு இந்த எந்திரத்தின் மேல் பிரியம் வந்ததே இந்தக் கணக்கைப் போட்ட பிறகுதான்.

பாதிக் கதைதான் முடிந்திருக்கிறது. பின்சக்கரத்துக்குப் பக்கத்தில் இன்னொரு புல்லி. அதுவும் இரண்டு தட்டு. இங்கே ரோலர் இல்லை, தட்டுகளை நெருக்கிப் பிடிக்க ஒரு தடித்த ஸ்பிரிங். பெல்ட்டின் நீளம் மாறாது. முன் புல்லியில் பெல்ட் மேலே ஏறினால் பின் புல்லியில் உள்ளே இறங்கியாக வேண்டும்; இறங்க வேண்டுமானால் ஸ்பிரிங்கை அமுக்கித் தட்டுகளை விலக்க வேண்டும். வண்டி கிளம்பும்போது முன்னால் சிறிய வட்டம், பின்னால் பெரிய வட்டம்: இஞ்சின் இரண்டரைச் சுற்றுக்கு மேல் சுற்றினால் பின் புல்லி ஒரு சுற்று. முழு வேகத்தில் முன்னால் பெரிது, பின்னால் சிறிது: இஞ்சினைவிடப் பின் புல்லி வேகமாகச் சுற்றும். இரண்டுக்கும் நடுவே எண்ணிக்கையற்ற கியர்கள், படியே இல்லாமல்.

இதோடு நின்றிருந்தால் இது வெறும் வேகமானி. பாலம் ஏறும்போது, பின்னால் மாமியாரை ஏற்றிக்கொண்டு போகும்போது, எதிர்க்காற்றில் என எல்லா நேரத்துக்கும் ஒரே கியர் கொடுத்திருக்கும். அதைத் தடுப்பது பின் புல்லியின் கழுத்தில் சாய்வாக வெட்டிய சில காடிகள். அசையும் தட்டு அந்தக் காடிகளில் செருகிய முளைகளைப் பிடித்துக்கொண்டு நிற்கிறது. சக்கரம் கனத்தால், அதாவது சுமை ஏறினால், பெல்ட் தட்டை முறுக்கும். முறுக்கினால் முளை சாய்ந்த காடியில் வழுக்கும். வழுக்கினால் தட்டு இன்னொரு தட்டின் பக்கம் நகர்ந்து பெல்ட்டை நெருக்கி வெளியே தள்ளும். பின் வட்டம் பெரிதாகிவிட்டது. கியர் தானாகக் குறைந்துவிட்டது. சென்சார் இல்லை, கம்ப்யூட்டர் இல்லை, ஒயர்கூட இல்லை. சுமை எவ்வளவு என்பதைச் சுமையே போய்ச் சொல்லிக்கொள்கிறது. அத்தோடு, சுமை கூடக்கூடப் பெல்ட்டை இறுக்கிப் பிடிப்பதும் அதே காடிதான்; வழுக்கவும் விடாது.

மார்கழிக் குளிரில் அண்ணனும் தம்பியும் ஒரே போர்வைக்குள் படுத்திருக்கிறார்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். அண்ணன் முன் புல்லி. அவனுக்குக் கனவில் ஓடுகிற பழக்கம். வேகமாக ஓட ஓட போர்வையைத் தன் பக்கம் சுருட்டுவான். தம்பி பின் புல்லி. போர்வையை இறுக்கிப் பிடித்துக்கொண்டுதான் தூங்குவான், ஆனால் பலம் போதாது. அண்ணன் வேகமெடுத்தால் விட்டுக்கொடுப்பான். ஜன்னல் வழியே வாடைக்காற்று அடித்தால், அதாவது சுமை வந்தால், தம்பி விசுக்கென்று இழுப்பான். அண்ணனுக்கு ஜன்னல் திறந்திருப்பது தெரியாது. தம்பிக்கு அண்ணனின் கனவு தெரியாது. ஆனாலும் போர்வை எந்த நேரமும் சரியான இடத்தில் நிற்கிறது. வாசலோரம் அம்மா படுத்திருக்கிறாள். சின்னச் சத்தத்துக்கெல்லாம் எழ மாட்டாள். சத்தம் ஓர் அளவைத் தாண்டினால்தான் எழுந்து கதவைத் திறப்பாள். அது கிளட்ச். இஞ்சின் நிமிடத்துக்கு ஏறக்குறைய 3,000 சுற்றைத் தொட்டதும் கிளட்ச் கட்டைகள் விரிந்து வெளிக் கிண்ணத்தைப் பிடிக்கும், வண்டி நகரும். இனி 12 கிராம் விவகாரம்: அண்ணனுக்குச் சாப்பாட்டைக் குறைத்துப் போடுகிறீர்கள். இளைத்த அண்ணன் பழையபடி போர்வையை இழுக்க வேண்டுமென்றால் கனவில் இன்னும் வேகமாக ஓட வேண்டும். பாட்டியை நான் இன்னும் அறிமுகப்படுத்தவில்லை, கியர் ஆயில் அவள் பொறுப்பு. ஆனால் இதற்கு மேல் இழுத்தால் போர்வை கிழிந்துவிடும்.

எவ்வளவு வேகமாக ஓட வேண்டும்? அதையும் கணக்கே சொல்லிவிடும். விசை எடையோடு நேர் விகிதம், சுற்றின் வர்க்கத்தோடு நேர் விகிதம். எடை 15-லிருந்து 12-ஆகக் குறைந்தால் அதே விசைக்குச் சுற்று ஏறக்குறைய 12 சதவீதம் ஏற வேண்டும். 6,000 சுற்றில் மாறிக்கொண்டிருந்த கியர் இனி 6,700-இல்தான் மாறும். இஞ்சின் முழு பலம் தரும் சுற்று அதற்குப் பக்கத்தில் இருந்தால் வண்டி வெடுக்கென்று கிளம்பும். பட்டறைக்காரர் சொன்ன பறத்தல் இதுதான். ஆனால் ஒரே சீரான வேகத்தில் போகும்போதும் இஞ்சின் தேவைக்கு மேல் சுற்றிக்கொண்டே இருக்கும். ஒவ்வொரு சுற்றிலும் பிஸ்டன் உராய்வு, வால்வு உராய்வு, காற்றை உறிஞ்சி வெளியே தள்ளுகிற வேலை என்று பெட்ரோல் போகிறது. சத்தம் கூடும், சூடு கூடும், மைலேஜ் இறங்கும். பிக்கப், மைலேஜ் இரண்டையும் ஒரே மாற்றத்தில் ஏற்றித் தருகிறேன் என்று எவர் சொன்னாலும், கம்பெனி எஞ்சினியர்கள் அந்த 3 கிராமைக் கவனிக்காமல் விட்டுவிட்டார்கள் என்று நம்பச் சொல்கிறார் என்றுதான் பொருள்.

எடை குறைந்த ரோலர் எங்குமே ஆகாது என்றில்லை. ஊட்டியில், கொடைக்கானலில், அங்கேயானால் ஷான் மலைமேல் தௌங்ஜியில் எப்போதும் இரண்டு பேராக மேடேறுகிறவர்களுக்கு ஒரு கிராம், இரண்டு கிராம் குறைப்பது பலன் தரும். கியாக்தான் ஆற்றுமுகத்து வண்டல் சமவெளி. மேடு என்று அங்கே இருப்பது ஓடைப் பாலங்கள்தாம். அதற்கு அந்தக் காடி போதும்.

வரலாறு கேட்பவர்களுக்காக ஒரு பத்தி. 1490-இல் லியோனார்டோ டா வின்சி இதை வரைந்துவிட்டார் என்றுதான் இந்த விஷயம் பற்றிய எல்லாக் கட்டுரைகளும் தொடங்கும்; அவர் வரையாதது எதுவும் இல்லை என்பதால் விட்டுவிடலாம். ஓடுகிற வண்டியில் இதைப் பெரிய அளவில் பொருத்தியவர் டச்சுக்காரர் ஹூப் ஃபான் டோர்ன், 1958-இல், டாஃப் 600 என்ற சின்னக் காரில். முன்னால் போகிற வேகத்திலேயே அந்தக் காரால் பின்னாலும் போக முடியும் என்பதால், பிற்பாடு நெதர்லாந்தில் அந்த வகைக் கார்களை வைத்துப் பின்னோக்கிப் பந்தயமே நடத்தினார்கள். இந்தியாவில் கைப்பிடியைத் திருகிக் கியர் மாற்றும் வெஸ்பா, லாம்பிரெட்டா காலத்தை உடைத்தது எண்பதுகளில் வந்த கினெட்டிக் ஹோண்டா. 2001-இல் ஆக்டிவா வந்த பிறகு கியர் ஸ்கூட்டர் என்ற சாதி மெல்ல அழிந்தது. வரலாறு முடிந்தது.

இப்போது மூடியைத் திறப்போம். திறந்ததும் கருப்பு மாவாகக் கொட்டும். பெல்ட்டிலிருந்து தேய்ந்த ரப்பரும் கிளட்ச் கட்டைத் தூளும். அதில் பயப்பட ஒன்றுமில்லை. ரோலர்களை எடுத்து உள்ளங்கையில் உருட்டிப் பாருங்கள். உருண்டால் நல்லது. பக்கவாட்டில் தட்டையாகத் தேய்ந்திருந்தால் உருளாமல் படுத்துக்கொள்ளும். அப்படிப் படுத்த ரோலர் சரிவில் ஏறும்போது தட்டையான இடத்தில் சிக்கி நிற்கும், பிறகு தாண்டிக் குதிக்கும். ஓட்டுகிறவருக்கு நடுவேகத்தில் வண்டி தயங்கித் தயங்கி ஏறுவதாகத் தெரியும். பிக்கப் இல்லை என்று சொல்லிக்கொண்டு வருகிற வண்டிகளில் பலவற்றுக்கு இதுதான் நோய். 12 கிராம் புது ரோலர் போட்டதும் சரியாகிவிட்டது என்று சொல்வதில் ஒரு சூட்சுமம் இருக்கிறது: சரியானதற்குக் காரணம் 12 கிராம் இல்லை, புது ரோலர்! 15 கிராமிலேயே புதிதாகப் போட்டிருந்தாலும் சரியாகியிருக்கும்.

அடுத்தது பெல்ட். அதன் உள்பக்கம் பற்களைப் பார்த்துவிட்டு, பல்லும் பல்லும் கவ்வி இழுக்கிறது என்று பலர் நினைக்கிறார்கள். புல்லியில் பல்லே கிடையாது. சின்ன வட்டத்தில் முறியாமல் வளைவதற்கும், கொஞ்சம் காற்றுப் பட்டுச் சூடு ஆறுவதற்கும்தான் அந்தப் பல். இழுப்பதெல்லாம் பெல்ட்டின் இரண்டு பக்கவாட்டு முகங்கள். அங்கேதான் தேய்மானமும். பெல்ட்டின் அகலம் ஒரே ஒரு மில்லிமீட்டர் குறைந்தால் என்ன ஆகும்? புல்லி முகத்தின் சாய்வு 15 டிகிரிக்கு அருகில் என்றால், பெல்ட் பள்ளத்துக்குள் ஏறக்குறைய 2 மில்லிமீட்டர் இறங்கி உட்கார்ந்துவிடும். முன் வட்டம் சுருங்கியது, பின் வட்டம் பருத்தது. உச்ச வேகத்தில் சில கிலோமீட்டர் போயே போச்சு. வண்டிக்கு வயதாகிவிட்டது என்று நாம் சமாதானம் சொல்லிக்கொள்கிற விஷயம் பல நேரம் இந்த ஒரு மில்லிமீட்டர்தான். ஒரு வெர்னியர் காலிப்பர் வைத்து அளந்து, கையேட்டில் போட்டிருக்கிற கடைசி அளவோடு ஒப்பிட்டால் முடிந்தது.

பட்டறைகளில் ஒரு வித்தை உண்டு. எனக்கு மிகவும் பிடித்தது. கழற்றித் துடைத்த முன் புல்லி முகத்தில் மார்க்கர் பேனாவால் மையத்திலிருந்து விளிம்பு வரை ஒரு கோடு போட வேண்டும். மூடியை மாட்டி, நல்ல சாலையில் வண்டியை உச்ச வேகம் வரை ஒருமுறை விரட்டிவிட்டு வந்து மறுபடி திறக்க வேண்டும். பெல்ட் உரசிய தூரம் வரை கோடு அழிந்திருக்கும். விளிம்பு வரை அழிந்திருந்தால் முன் புல்லி ஏற்பாடு, அதாவது வேரியேட்டர், தன் வேலையை முழுக்கச் செய்கிறது. பாதியில் நின்றிருந்தால் ரோலர் சிக்குகிறது, அல்லது பெல்ட் தேய்ந்திருக்கிறது, அல்லது யாரோ கனத்த ஸ்பிரிங் போட்டுவிட்டுப் போயிருக்கிறார்கள். பத்து ரூபாய் பேனா சொல்லிவிடுகிற சேதி இது. பார்த்த பிறகு புல்லி முகத்தைச் சுத்தமாகத் துடைத்துவிட வேண்டும். அங்கே கிரீஸ் ஒரு துளி பட்டாலும் பெல்ட் வழுக்கும்.

வேறு சாமான்களும் விற்கிறார்கள். வட்ட ரோலருக்குப் பதில் ஒருபக்கம் சப்பையான ரோலர், ரேஸ் ஸ்பிரிங், ஓட்டை போட்ட கிளட்ச் கிண்ணம். சப்பை ரோலர் உருளாமல் வழுக்கிக்கொண்டே போகும். பெல்ட்டை இன்னும் கொஞ்சம் மேலே தள்ளும் என்பது அதன் உரிமைகோரல். அந்தக் கொஞ்சத்தில் வித்தியாசம் தெரிய நீங்கள் பந்தயத்துக்குப் போகிறவராக இருக்க வேண்டும். கனத்த ஸ்பிரிங் போட்டால் பெல்ட்டை எந்நேரமும் கூடுதலாக நெருக்கும். சூடும் தேய்மானமும் இலவசம். பெட்ரோல் குழாயில் காந்தம் கட்டினால் பெட்ரோலின் மூலக்கூறுகள் வரிசையாக நின்று நன்றாக எரியும் என்று ஒரு சாமான் பல வருஷமாக விற்பனையில் இருக்கிறது. எந்த மூலக்கூறும் வரிசையில் நிற்பதில்லை. அந்தக் காசுக்குச் சாலையோரம் பாட்டிலில் ஊற்றி விற்கிற பெட்ரோலைத் தவிர்த்து பங்க்கில் போட்டால் கார்புரேட்டருக்குப் புண்ணியம்.

ஒன்றை ஒப்புக்கொண்டாக வேண்டும். இவ்வளவு புகழ்ந்த இந்தப் பெல்ட் ஏற்பாடு சிக்கனத்தில் சங்கிலியிடம் தோற்றுவிடும். இஞ்சின் கொடுக்கிற சக்தியில் நூற்றுக்கு எண்பது பங்கைச் சக்கரத்தில் சேர்த்தால் ரப்பர் பெல்ட் வேரியேட்டர் நல்லபிள்ளை. எண்ணெய் போட்டு வைத்திருக்கிற சங்கிலி 95-ஐத் தாண்டும். மீதி சூடாகப் போகிறது. நீளமான ஓட்டத்துக்குப் பிறகு அந்த மூடியைத் தொட்டுப் பார்த்தால் கை சுடும். கியாக்தானில் வேவும் கென்போவும் இன்னும் கோலோச்சுவதற்கு இது ஒரு காரணம். இன்னொரு காரணம் உதிரிபாகம். தாய்லாந்து, வியட்நாம், சீனா என்று மூன்று திசையிலிருந்தும் வண்டி வருகிற ஊர் அது. நம்பர் பிளேட்டே இல்லாத ‘வித்அவுட்’ வண்டிகளும் ஓடுகின்றன. வெளியே ஒரே மாதிரி இருக்கிற இரண்டு ஸ்கூட்டருக்கு உள்ளே பெல்ட் அளவு வேறாக இருக்கும். மாடல் பெயரைச் சொல்லிப் பெல்ட் கேட்காமல், பழைய பெல்ட்டின் முதுகில் அச்சிட்டிருக்கிற எண்ணைப் படித்து வாங்குவது உத்தமம்.

மழைக்காலத்தைச் சொல்லாமல் விட முடியாது. யாங்கூன் வட்டாரத்தில் ஆண்டுக்குச் சராசரி 2,700 மில்லிமீட்டர் அளவுக்குக் கொட்டும். சென்னையைப் போல ஏறக்குறைய இருமடங்கு, அதுவும் பெரும்பகுதி மே முதல் அக்டோபருக்குள். பெல்ட் அறையைக் குளிர்விக்க வெளிக்காற்று உள்ளே போகும்படிதான் வைத்திருக்கிறார்கள். காற்று போகிற வழியில் தண்ணீரும் போகும். தேங்கிய நீரில் இறங்கியபின் இஞ்சின் கத்துகிறது, வண்டி நகரவில்லை என்றால் பெல்ட் நனைந்து வழுக்குகிறது. ஆக்ஸிலேட்டரை இன்னும் முறுக்குவது வீண். வழுக்குகிற இடத்தில் பெல்ட் சூடாகிப் பளபளத்துவிடும், பிறகு காய்ந்தாலும் பிடிக்காது. ஓரமாக நிறுத்தி, பெல்ட் அறையில் வடிகால் வைத்திருந்தால் அதைத் திறந்து வடித்துவிட்டு, கொஞ்ச நேரம் ஸ்டாண்டில் மெதுவாக ஓடவிட்டால் போதும். தண்ணீர் ஏர் ஃபில்டர் வரை ஏறியிருந்தால் ஸ்டார்ட்டர் பொத்தான் மேல் கையே வைக்கக்கூடாது.

பின்சக்கரத்தின் அச்சுக்குப் பக்கத்தில் ஒரு சின்னப் பெட்டிக்குள் நிஜமான பல்சக்கரங்கள் சில இருக்கின்றன. பாட்டியின் இலாகா. சுமார் 120 மில்லி எண்ணெய்தான் பிடிக்கும். இஞ்சின் ஆயிலை மாதக் கணக்குப் பார்த்து மாற்றுகிறவர்கள்கூட இதை மறந்துவிடுவார்கள். வெள்ளத்தில் ஓட்டிய வண்டியில் இந்த எண்ணெயை இறக்கிப் பாருங்கள். பால் கலந்த காப்பி நிறத்தில் வந்தால் தண்ணீர் புகுந்துவிட்டது, உடனே மாற்ற வேண்டும்.

ஆக, வாசகருக்கு: ரோலரைத் தொடுவதற்கு முன் டயர் காற்று, பின் பிரேக் உரசுகிறதா, ஏர் ஃபில்டர் அடைத்திருக்கிறதா, மூன்றையும் பாருங்கள். பிறகு மூடியைத் திறந்து பெல்ட் அகலத்தை அளந்து, ரோலரை உருட்டிப் பாருங்கள். ஹோண்டா ஸ்கூட்டர்களுக்கு வழக்கமாகச் சொல்வது 8,000 கிலோமீட்டருக்கு ஒருமுறை பெல்ட்டைப் பார்ப்பது, 24,000-இல் மாற்றுவது. பழைய வண்டி வாங்கியவருக்கு எத்தனை ஓடியிருக்கிறது என்று மீட்டர் சொல்லுகிற எண்ணை நம்ப வேண்டிய கட்டாயம் இல்லை. பெல்ட்டும் ரோலரும் ஒருசேர மாற்றி, அதே 15 கிராமையே போடச் சொல்லுங்கள். மேட்டில் வண்டி பின்னால் உருளாமல் சமாளிக்கிறேன் என்று ஆக்ஸிலேட்டரைப் பாதி முறுக்கி நிற்கிற பழக்கம் இருந்தால் விட்டுவிடுங்கள். கிளட்ச் கட்டை பாதி பிடித்தும் பிடிக்காமலும் உரசிக் கருகிவிடும்.

பேட்டரி வண்டி? சக்கரத்துக்குள்ளேயே மோட்டார் வைத்த வண்டியில் நான் இவ்வளவு நேரம் சிலாகித்த எதுவும் இல்லை: பெல்ட் இல்லை, ரோலர் இல்லை, கிளட்ச் இல்லை. மின் மோட்டார் நின்ற நிலையிலிருந்தே முழு முறுக்கு கொடுக்கும் என்பதால் தேவையும் இல்லை. பராமரிப்பு குறைவு என்று விற்பவர் சொல்வதில் இந்த மட்டும் பொய்யில்லை. எத்தனை கிலோமீட்டர் போகும் என்று சொல்வதை மட்டும் நீங்களே கணக்குப் பார்த்துக்கொள்ளுங்கள். 60 வோல்ட், 20 ஆம்பியர்-மணி ஈயப் பேட்டரி என்றால் மொத்தம் 1.2 யூனிட். கிலோமீட்டருக்கு 30 வாட்-மணி செலவாகிறது என்று வைத்தால், கடைசிச் சொட்டு வரை உறிஞ்சினாலும் 40 கிலோமீட்டர். ஈயப் பேட்டரியை அப்படி உறிஞ்சினால் சீக்கிரம் செத்துவிடும். எண்பது சதவீதத்தோடு நிறுத்தினால் 32. அது புதிதாக இருக்கிற வரைக்கும். வெயில் காலத்தில் வாசலில் காய்ந்து, மழைக்காலத்தில் நனைந்து, ஓர் ஆண்டு போன பிறகு இன்னும் குறையும். லித்தியம் என்றால் கணக்கு நல்லபடியாக மாறும், விலையும் மாறும்.

அதைவிடப் பெரிய கேள்வி ஒன்று கியாக்தானுக்கே உரியது. மின்சாரம் முறை வைத்து வருகிற ஊரில் நீங்கள் ஷிப்டு முடித்து வீட்டுக்கு வருகிற நேரமும் கரண்ட் வருகிற நேரமும் ஒத்துப்போகிறதா? ஒத்துப்போகிறது என்றாலோ, கம்பெனியில் சார்ஜ் போட விடுவார்கள் என்றாலோ லித்தியம் வண்டியாகப் பார்த்து வாங்குங்கள். இல்லை, ஜெனரேட்டர் வைத்துத்தான் ஏற்றப்போகிறீர்கள் என்றால், பெட்ரோலை எரித்து மின்சாரமாக்கி, அதைப் பேட்டரியில் ஊற்றி, அங்கிருந்து மோட்டாருக்குக் கொண்டுபோகிற வழியில் பெல்ட்டில் போகிற இருபது சதவீதத்தைவிட அதிகமாகவே கொட்டிவிடும். அதற்கு இப்போது இருக்கிற வண்டியிலேயே ஒரு புதுப் பெல்ட்டும் ஆறு ரோலரும் மலிவு.